மச்சினிக்கு என்று வாங்கிய வாந்தி மாத்திரை

வாந்தி மாத்திரையை யாரும் மருந்தாகவே மதிப்பதில்லை. ஆன்டிபயாடிக் கேட்டால் சீட்டு எங்கே என்று கேட்கிற நாம், வாந்தி என்றால் அட்டையிலிருந்து இரண்டு மாத்திரையைக் கிழித்து நீட்டிவிடுகிறோம். நானும் அப்படித்தான் நீட்டினேன்.

முப்பத்தொரு வருடம் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கடைசி ஒன்பது வருடம் மரக்காணம் பக்கத்துக் கடற்கரையில். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு மாத்திரைகளின் பெயரும் அளவும் என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். நான் செய்த ஒரு தவறையும், அதன் வால் எங்கே போய் முடிகிறது என்று தேடிக்கொண்டு போனதையும் மட்டும் சொல்கிறேன்.

எனக்குக் கிளியனூர் பக்கம் ஒரு கிராமம். நெல்லும் மணிலாவும், அதாவது வேர்க்கடலையும், போடுகிற குடும்பம். கடல் எனக்குப் பழக்கமில்லை. தினமும் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போவேன். மரக்காணம் நெருங்கும்போது இரண்டு பக்கமும் உப்பளம் வரும். எட்டே முக்காலுக்கு என் பஸ் அந்த வழியாகப் போகும்போது அங்கே பாதி நாள் வேலை முடிந்திருக்கும். ஜன்னல் வழியே அதைப் பார்த்துக்கொண்டே போவேன். அதற்கும் என் வேலைக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்று யோசித்ததில்லை.

நான் மாத்திரை நீட்டிய அந்த மனிதர் முதல் முறை வந்தது ஒரு மாசி மாதம். ஐம்பது வயதிருக்கும். அகன்ற தோள், இரண்டு உள்ளங்கையிலும் கயிறு அறுத்த தழும்பு. பார்த்தவுடனே மீனவர் என்று தெரிந்தது. வரிசையில் நிற்கவில்லை. கூட்டம் கலையும்வரை வெளியே வேப்பமரத்தடியில் நின்றுவிட்டு, நான் ஜன்னலைச் சாத்தப் போகும் நேரத்தில் வந்தார்.

“மேடம், மச்சினிக்கு பஸ்ல போனா வாந்தி வருதுங்க. ரெண்டு மாத்திர குடுங்க.”

“ஓ.பி. சீட்டு?”

“அவங்க வீட்ல இருக்காங்க. நாளைக்கி காலையில பஸ்ஸு.”

மச்சினிக்காக இந்த வெயிலில் நடந்து வந்திருக்கிறாரே என்று இருந்தது. பயண வாந்திக்கு நாங்கள் வழக்கமாகக் கொடுக்கும் புரோமெத்தசின் அன்றைக்கு இருப்பில் இல்லை. ஒண்டான்செட்ரான்தான் இருந்தது. அதில் நான்கு கொடுத்தேன். சீட்டும் இல்லை, பதிவும் இல்லை. பெயர்கூடக் கேட்கவில்லை.

பத்து நாளில் திரும்ப வந்தார்.

“என்ன, மச்சினி ஊருக்குப் போயிட்டு வந்துட்டாங்களா?”

“வந்துட்டு மறுபடியும் போறாங்க.”

“மாத்திர கேட்டுதா?”

“நல்லா கேட்டுதுங்க மேடம். அதே குடுங்க.”

அதற்குள் புரோமெத்தசின் வந்திருந்தது. எனக்கு என் படிப்பைக் காட்டும் ஆசை வந்துவிட்டது. வாந்திக்குப் பல வாசல் உண்டு. வயிற்றிலிருந்து கிளம்பி வருவது ஒன்று. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு கலங்கி வருவது இன்னொன்று. பஸ்ஸிலும் படகிலும் வருவது காது வழியாக வருகிற வாந்தி. ஒண்டான்செட்ரான் வயிற்று வாசலைக் காக்கும் காவல்காரன். காதுப் பக்கம் அதற்கு அவ்வளவாக வேலையில்லை. அங்கே புரோமெத்தசின் போன்றவைதான் கேட்கும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

“பஸ் வாந்திக்கு அது கேக்காதுங்க. இது தான் சரியான மாத்திர,” என்றேன்.

அவர் தயங்கினார். “மொதல்ல குடுத்தீங்களே, அதுவே நல்லா இருந்துது மேடம்.”

“நான் சொல்றேன் இல்ல? பஸ் ஏறுறதுக்கு அரை மணி முன்னாடி ஒண்ணு போடச் சொல்லுங்க. தூக்கம் வரும். பஸ்ல தானே, தூங்கினு போவட்டும்.”

கேட்காது என்று புத்தகம் சொன்ன மாத்திரை கேட்டிருக்கிறது. எனக்கு அது உறைக்கவில்லை. அதை ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டியவள், அவருக்குப் பாடம் நடத்தி அனுப்பினேன். காகித உறையில் என் கையால் ‘பஸ் ஏற அரை மணி முன்பு – 1’ என்று எழுதியும் கொடுத்தேன்.

பிறகு மூன்று முறை வந்து வாங்கிப் போனார். இவ்வளவு ஊர் சுற்றும் மச்சினி யார் என்று ஒரு நாள் நர்ஸிடம் சொல்லிச் சிரித்ததும் நினைவிருக்கிறது.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். ஒரு ஷேர் ஆட்டோ நேராக வாசல்வரை வந்து நின்றது. இடது முழங்கையிலிருந்து ரத்தம் வழிய, தலைமுதல் கால்வரை நனைந்த ஒருவரை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். மச்சினிக்காரர்தான். கண் செருகிச் செருகிப் போயிற்று. கன்னத்தில் தட்டினால் பதில் சொன்னார், விட்டால் தலை தொங்கியது.

கூட வந்தவர் பெயர் தேசிங்கு. அந்தப் படகில் கூட்டாளி. அவருக்கும் பல் கிட்டித்துக்கொண்டிருந்தது.

“வலைய இழுக்கும்போது அப்டியே தூங்கிட்டாருங்க. நின்னுக்கினே தூங்கிட்டாரு. அலை ஒண்ணு தூக்குச்சி, தலகுப்புற வுழுந்துட்டாரு. தல போட்ல பட்டுதா இல்லியான்னு தெரியல. நான் குதிச்சி முடியப் புடிச்சி இழுத்துக்கினு வந்தேன்.”

எங்கள் டாக்டர் சின்ன வயதுப் பெண். பணிக்கு வந்து இரண்டாவது வருடம். பெயர் கேட்டார். கன்னியப்பன் என்றார்கள். வேறு ஏதாவது நோய் உண்டா என்றார்.

“சுகருக்கு மாத்திர சாப்புடுறாருங்க,” என்றார் தேசிங்கு.

டாக்டர் உடனே விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்த்தார். குறையவில்லை, சரியாகத்தான் இருந்தது. “சுகர் இறங்கல. அப்ப அது இல்ல,” என்றார். அந்த நிமிடத்தோடு நாங்கள் எல்லோரும் சர்க்கரை மாத்திரையை மறந்துவிட்டோம்.

நர்ஸ் ஈர லுங்கியை மாற்றும்போது மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பொட்டலம் விழுந்தது. உள்ளே நனையாமல் ஒரு காகித உறை. என் கையெழுத்து. ‘பஸ் ஏற அரை மணி முன்பு – 1’.

உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை. அதைக் குனிந்து எடுத்தபோது எனக்கு முதலில் வந்த எண்ணம் குப்பைத் தொட்டி. அது இரண்டடி தூரத்தில்தான் இருந்தது. நர்ஸ் என்னைப் பார்க்கவில்லை, டாக்டர் கன்னியப்பன் கண்ணில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். சீட்டு இல்லாமல் கொடுத்த மாத்திரை, பதிவேட்டில் வராத மாத்திரை. அது என்னுடையது என்று சொல்ல அந்த உறையைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஓய்வுக்கு ஒன்றரை வருடம் பாக்கி.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பிறகு டாக்டரிடம் போய் உறையை நீட்டினேன்.

“டாக்டர், இது நான் குடுத்தது. புரோமெத்தசின். மச்சினிக்குன்னு வாங்கினாரு. இவரே தான் போட்டிருக்காரு போல. இந்தத் தூக்கம் இதால இருக்கலாம்.”

அவர் உறையை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“எத்தன நாளா?”

“ஒரு மாசமா. சீட்டு இல்லாம.”

“சரி. சொன்னது நல்லதாப் போச்சு, எழுதி அனுப்புறேன். ஆனா மாத்திரை போட்டிருக்காருன்னு தெரிஞ்சதால தலையில அடிபடலன்னு ஆகிடாது. ஸ்கேனுக்கு அனுப்பத்தான் போறேன்.”

இதை நான் அப்புறம் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு காரணம் கிடைத்துவிட்டால் மனசு அடுத்ததைத் தேடாது. டாக்டர் என்னைவிட முப்பது வயது சின்னவர், அந்தக் குழப்பத்திலும் அதற்கு இடம் கொடுக்கவில்லை. 108 வந்தது, அவரைப் புதுச்சேரிக்குக் கூட்டிப்போனது.

தேசிங்கு வெளியே படியில் உட்கார்ந்து துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“ரெண்டு மாசமா கடல்ல வாந்தி எடுத்துக்கினு இருந்தாருங்க,” என்றார். “முப்பது வருசமா கடலுக்குப் போற மனுசன். மொதல்ல நாங்க சிரிச்சோம். அப்பறம் வாந்தி கொறஞ்சிது, தூக்கம் வந்துது. இனிமே வாணாங்க. நான் வேற ஆளு பாத்துக்குறேன். எனுக்கும் புள்ளைங்க இருக்குது.”

“கரையில இருக்குற நாள்ல எப்டி இருப்பாரு?”

“கரையில ஒண்ணும் இல்ல. கல்லு மாதிரி இருப்பாரு.”

அப்போதுதான் எனக்கு மச்சினி புரிந்தாள். கடலில் குமட்டுகிறது என்று ஒரு மீனவர் எந்த ஜன்னலில் போய்ச் சொல்வார்?

ஸ்கேனில் ஒன்றுமில்லை. தையலோடு மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காதையும் சோதித்தார்களாம், அதிலும் ஒன்றுமில்லை. தலைசுற்றலுக்கு ஒரு மாத்திரை எழுதி, ஒரு மாதம் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். நான் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். மேலிடத்திலிருந்து மெமோ வந்தது. அது வர வேண்டியதுதான்.

மெமோவை விட எனக்குப் பெரிய தொல்லையாக இருந்தது அந்தக் கேள்வி. முப்பது வருடம் கடலில் கிடந்த உடம்புக்குத் திடீரென்று ஏன் கடல் ஒத்துக்கொள்ளாமல் போகிறது? மதியம் டாக்டரோடு சாப்பிடும்போது கேட்டேன்.

“தலைக்குள்ள ஏதாவது இருந்தா வரும், ஸ்கேன் கிளியர். காதுல இருந்தா வரும், அதுவும் கிளியர். எனக்கும் புரியல மேடம்,” என்றார். “ஏதோ ஒண்ண நாம கேக்கவே இல்லைன்னு தோணுது.”

மூன்று வாரம் கழிந்தது. சித்திரை வெயில் ஆரம்பித்திருந்தது. சர்க்கரை மாத்திரை கொடுக்கும் நாளில் ஒரு பெண் அட்டையை நீட்டினாள். மாதாமாதம் வருகிறவள்தான். மீன் விற்பவள், பெயர் பச்சையம்மாள். தலையில் கூடைக்கு வைக்கும் சும்மாடு அப்படியே இருக்கும், கருவாடு போட உப்பு வாங்கிக்கொண்டு போகிற வழியில் வருவாள். வீட்டுக்காரருக்காக வாங்குகிறாள் என்று தெரியும். அன்றைக்குத்தான் அட்டையில் பெயரைப் படித்தேன். கன்னியப்பன்.

“இவரு கடல்ல வுழுந்தவரா?”

“அவரே தாங்க.”

கணவருக்கு வாந்தி மாத்திரை கொடுத்த ஜன்னலும் மனைவி சர்க்கரை மாத்திரை வாங்குகிற ஜன்னலும் ஒன்றுதான். இரண்டு முறையும் உள்ளே நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

“இப்ப எப்டி இருக்காரு?”

“எங்கங்க. கடலு வாணாம்னு சொல்லிட்டாங்க இல்ல, உப்பளத்துக்குக் கூலிக்குப் போறாரு. அங்கயும் வாந்தி எடுக்குறாரு.”

“உப்பளத்துலயா?”

“அத தாங்க நானும் கேக்குறேன்,” என்றாள் அவள் குரலை உயர்த்தி. “கடல்ல அலை அடிக்குது, வாந்தி வருதுன்னீங்க. உப்பளத்துல என்ன அலையா அடிக்குது? தண்ணி தட்டுல ஊத்தின மாதிரி கெடக்குது.”

பின்னால் வரிசை முணுமுணுத்தது. நான் ஜன்னலைச் சாத்திவிட்டு அவளை உள்ளே கூப்பிட்டு ஸ்டூலில் உட்காரவைத்தேன். கடலிலும் வாந்தி, உப்பளத்திலும் வாந்தி, வீட்டில் இருக்கும் நாளில் இல்லை. கடலுக்கும் உப்பளத்துக்கும் பொதுவாக என்ன இருக்கிறது?

“காலையில எழுந்ததுல இருந்து சொல்லுங்க. ஒண்ணு விடாம.”

“மூணு மணிக்கு எழுந்திருப்பாரு. கடலுக்குப் போனாலும் மூணு தான், உப்பளத்துக்குப் போனாலும் மூணு தான். வெயிலு ஏறுறதுக்கு முன்ன வேல ஆவணும் இல்ல? பல்லு வெளக்குவாரு. பாலு இல்லாம வர டீ குடிப்பாரு. சுகர் மாத்திரய போட்டுக்குவாரு. கெளம்பிடுவாரு.”

“சாப்புடாமலா?”

“அந்நேரத்துக்கு யாருங்க சாப்புடுவாங்க? வந்து தான் சாப்பாடு. ஒம்போது, பத்து ஆவும்.”

“வீட்ல இருக்குற நாள்ல?”

“ஏழு மணிக்கு எழுந்திருப்பாரு. இட்லி துன்னுட்டு மாத்திர போடுவாரு.”

“சாப்டுட்டுத் தான் போடணும்னு சொன்னேனே?”

அவள் என்னைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். “ராத்திரி சாப்டு தானேங்க படுத்தாரு? கவர்ல ‘காலை’ன்னு எழுதியிருந்தீங்க. அவரு காலையில தான் போடுறாரு.”

மெட்ஃபார்மின் நல்ல மருந்து. ஆனால் சிலருக்கு வெறும் வயிற்றில் போட்டால் குடலைப் புரட்டி எடுத்துவிடும். இது உங்களுக்கும் முதல் வருடப் பாடம், எனக்கும் முதல் வருடப் பாடம். நான் அட்டையைத் திருப்பினேன். தை மாதக் கடைசியில் சர்க்கரை கூடியிருக்கிறது என்று அளவை இரட்டிப்பாக்கியிருந்தார்கள். வாந்தி ஆரம்பித்தது மாசியில். ஒண்டான்செட்ரான் ஏன் கேட்டது என்பதும் அப்போது விளங்கியது. அது கடல் வாந்தியே இல்லை. வயிற்றிலிருந்து வந்த வாந்தி. அதை நிறுத்திய மாத்திரையைப் பிடுங்கிவிட்டு, அவருக்குத் தூக்கத்தைக் கொடுத்திருக்கிறேன். ஒரு கையால் நான் கொடுத்த மாத்திரைக்கு மறு கையால் மாத்திரை கொடுத்திருக்கிறேன். அதன்மேல் புதுச்சேரியில் தலைசுற்றலுக்கு மூன்றாவது மாத்திரையும் ஏறியிருக்கிறது.

டாக்டரிடம் ஓடினேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு நெற்றியில் தட்டிக்கொண்டார். “சுகர் இறங்கலன்னு பாத்தேன். அதோட விட்டுட்டேன்.” பிறகு, “நமக்குத் தோணுறது சரியான்னு பாக்கணும். வாந்திக்கும் தலைசுற்றலுக்கும் எந்த மாத்திரையும் வேணாம். சுகர் மாத்திரை காலையில நிறுத்திட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மட்டும். ஒரு வாரம் பாப்போம்,” என்றார்.

அந்த ஒரு வாரம் எனக்குப் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பது போல இருந்தது. ஐந்தாம் நாளே பொறுக்கவில்லை. உப்பளத்து நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டேன். பாத்திகளுக்கு நடுவில் வரப்பு மேல் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். கண் கூசியது. கன்னியப்பன் உப்பு வாரும் பலகையோடு கணுக்காலளவு வெள்ளையில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். பொய் சொல்லி மாத்திரை வாங்கியதற்கு நான் சண்டை போட வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறார்.

“வாந்தி?”

“நாலு நாளா இல்ல மேடம்.”

“குமட்டல்?”

“அதுவும் இல்ல.”

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் உடம்பு மாறவில்லை, கடலும் மாறவில்லை, மாத்திரை போட்ட நேரம்தான் தப்பு, நேரத்தைக் கேட்காமல் கொடுத்தது நான், தூக்க மாத்திரையைக் கொடுத்ததும் நான் என்று சொன்னேன்.

அவர் பலகையை ஊன்றிக்கொண்டு நின்றார். “அப்ப கடலு இல்ல?”

“கடலு இல்லீங்க.”

வரப்பில் உட்கார்ந்துவிட்டார். “கடலு என்ன வாணாம்னு சொல்லிட்டுதுன்னு நெனச்சேன்,” என்றார். “இத எங்கிட்ட சொல்லி என்ன மேடம். தேசிங்குகிட்ட சொல்லுங்க.”

நோயாளியிடம் மன்னிப்புக் கேட்பது எனக்கு அவ்வளவு கஷ்டமாக இல்லை. அன்று சாயங்காலம் அவர்களுடைய மீனவக் குப்பத்துக் கரையில், வலை பின்னிக்கொண்டிருந்த ஏழெட்டு ஆண்களுக்கு முன்னால் நின்று, தப்பு என்னுடையது என்று சொன்னதுதான் கஷ்டம். ஒருவர் செல்போனை நிறுத்திவிட்டுக் கவனித்தார். தேசிங்கு வலை ஊசியைக் கீழே வைக்கவில்லை.

“மாத்திர தான்னு நீங்க சொல்றீங்க. நாளைக்கி நடுக்கடல்ல மறுபடியும் தூங்கினா, நான் யாருகிட்ட வந்து கேக்குறது?”

“தூக்கம் வர்ற மாத்திரைய அவரு போட மாட்டாரு. அது தேவையே இல்ல.”

“எல்லாரும் சொல்லுவாங்க. நீங்க ஒரு நாளு போட்ல வாங்க. உங்கள வச்சிக்கினே அவர இட்டுக்கினு போறேன். அவரு வாந்தி எடுத்தா, கரையில எறக்கி வுட்டுடுவேன். அப்பறம் பேச்சே இல்ல.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். வரமாட்டேன் என்று எதிர்பார்த்துத்தான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன்.

அந்த ஞாயிறு வருவதற்குள் வேறு ஒன்று செய்தேன். சர்க்கரை மாத்திரை வாங்க வந்த ஒவ்வொருவரிடமும், உங்களுக்குக் காலை என்றால் எத்தனை மணி, முதல் சாப்பாடு எத்தனை மணி என்று கேட்டேன். உப்பளத்துப் பெண்கள் பதினொன்று என்றார்கள். இடையஞ்சாவடியில் மகள் வீட்டில் இருந்துகொண்டு ஆரோவில் பக்கம் இரவுக் காவல் பார்க்கும் ஒருவர், ஊருக்கு வந்திருந்தவர், மதியம் ஒரு மணிக்குத்தான் தனக்கு விடியும் என்றார். ஒரு அம்மாள் செவ்வாயும் வெள்ளியும் பொழுது சாயும்வரை எதுவும் சாப்பிடுவதில்லை என்றாள். நெல் விளையும் ஊரில் எட்டு மணிக்கு இட்லி சாப்பிட்டு வளர்ந்தவள், இத்தனை வருடமும் எல்லோருக்கும் என் வீட்டுக் காலையையே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அன்றிலிருந்து உறையில் ‘காலை’ என்று எழுதுவதை விட்டுவிட்டேன். ‘முதல் சாப்பாடு முடிந்ததும்’ என்று எழுதினேன். நீங்களும் அதையே எழுத வேண்டும் என்று சொல்லவில்லை. கேட்டுவிட்டு எழுதுங்கள்.

ஞாயிறன்று எனக்காகப் பொழுது நன்றாக விடிந்த பிறகு கிளம்பினார்கள். தேசிங்கு எஞ்சின் பக்கம். கன்னியப்பன் முன்னால். நடுவில் நான், யாரோ இரவல் கொடுத்த ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையோடு. கன்னியப்பன் வாந்திக்கு எந்த மாத்திரையும் போடவில்லை. நானும் போட்டுக்கொள்ளவில்லை. சோதனை என்றால் இரண்டு பேருக்கும் ஒன்றாக இருக்கட்டும் என்று நினைத்தேன். கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அலை உடையும் இடத்தைத் தாண்டும்வரை பயத்தில் ஒன்றும் தெரியவில்லை. தாண்டிய பிறகு கடல் பெரிதாக ஆடவில்லை, மெல்லத் தூக்கித் தூக்கி இறக்கியது. முதலில் ஒரு கொட்டாவி வந்தது. தூக்கம் போதவில்லை போல என்று நினைத்தேன். இன்னொரு கொட்டாவி. மேலுதடு சில்லென்று வேர்த்தது. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. இதைப் படித்திருக்கிறேன், இப்படித்தான் வரும் என்று நான் எனக்குள் ஒவ்வொன்றாகக் கவனித்துக்கொண்டிருந்தபோதே வயிறு மேலே வந்துவிட்டது. படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். கன்னியப்பன் ஓடிவந்து என் மிதவைச் சட்டையைப் பின்னாலிருந்து இறுகப் பிடித்துக்கொண்டார். மூன்று முறை எடுத்தேன். அவர் முகத்தைத் திருப்பவில்லை, கை தளரவில்லை, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

தலையைத் தூக்கியதும் தண்ணீர் கொடுத்தார். “மேடம், வாயெல்லாம் இரும்ப நக்கின மாதிரி இருக்குதா?”

“இல்லையே. ஏன்?”

“எனுக்கு அப்டித்தான் இருந்துது. மொதல்ல அது வரும், அப்பறம் வயித்துல எரிச்சலு. உங்கள மாதிரி கொட்டாவி எல்லாம் வரல.”

வாயில் இரும்பு ருசி. மெட்ஃபார்மின் போடுகிறவர்கள் சிலர் அப்படியே, அதே சொல்லில் சொல்வார்கள். வாந்திக்கு முன்னால் எப்படி இருக்கிறது என்று மாசி மாதம் ஜன்னல் வழியே ஒரு வார்த்தை நான் கேட்டிருந்தால் போதும். மச்சினிக்கு எப்படி இருக்கிறது என்றாவது கேட்டிருக்கலாம். மச்சினி பெயரில் அவரே சொல்லியிருப்பார். அந்த நிலையிலும் எனக்கு அது வியப்பாக இருந்தது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன், நான்காவது முறை வந்துவிட்டது.

தேசிங்கு எஞ்சினை நிறுத்தியிருந்தார். அடக்கி அடக்கிப் பார்த்து, கடைசியில் சிரித்தேவிட்டார். “ஏன் மேடம், ஊருக்கெல்லாம் மாத்திர குடுக்குறீங்க, உங்களுக்கு ஒண்ணு போட்டுக்கினு வரலாம் இல்ல?”

நான் கையை நீட்டிக் கரையைக் காட்டினேன்.

தேசிங்கு எழுந்தார். கன்னியப்பனை ஒரு முறை பார்த்தார். பிறகு எஞ்சின் பிடியை விட்டு நகர்ந்து இடம் கொடுத்தார்.

“ஏம்பா, நீ புடி. மேடத்த கரையில எறக்கி வுட்டுட்டு வந்து வலைய இழுப்போம்.”